பழைய ஸ்கூட்டர் 46 ஆயிரம், புதியது 98 ஆயிரம்: மகளுக்கு எதை வாங்குவது?

முருங்கைத்தோட்டம் | 8 நவம்பர் 2025, காலை 6.40

வணக்கம். நாங்கள் வேடசந்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகள் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்து முடித்துவிட்டாள். திண்டுக்கல்லில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். போக 20, வர 20, நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர். வேலை முடிய இரவு ஏழரை, எட்டு ஆகிவிடும். அதற்குப் பிறகு எங்கள் ஊர் விலக்கில் நிற்கும் பஸ் ஒன்றே ஒன்றுதான். அதை விட்டால் ஒன்பதரை வரை காத்திருக்க வேண்டும்.

ஷோரூமில் 110 சிசி ஸ்கூட்டருக்குக் கொட்டேஷன் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 98 ஆயிரம். முன்பணம் 30 ஆயிரம், மீதி 68 ஆயிரத்துக்கு 24 மாதத் தவணை, மாதம் 3,400. "பத்து சதவீத வட்டிதான் சார்" என்றார் அங்கிருந்த தம்பி.

இதற்கிடையே சொந்தக்காரர் ஒருவர் மூலம் ஒரு பழைய வண்டி வந்திருக்கிறது. அதே கம்பெனி, 2019 ஜூலையில் பதிவு, டிஎன் 57, மீட்டர் 31 ஆயிரம் காட்டுகிறது. 46 ஆயிரம் கேட்கிறார்கள். போய்ப் பார்த்தேன், பளபளவென்று இருக்கிறது. கையில் 50 ஆயிரம் வைத்திருக்கிறேன், கடனில்லாமல் முடிந்துவிடும். வீட்டில் புதியதுதான் வேண்டும் என்கிறார்கள். எனக்குக் கடன் என்றாலே தூக்கம் வராது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாலுமுனை | 8 நவம்பர், காலை 7.15

யோசிக்கவே வேண்டாம், புதியது. பெண் பிள்ளை இருட்டில் நாற்கரச் சாலையில் தனியாக வருகிறாள். வழியில் நின்றுபோனால் என்ன செய்வாள்? அடுத்தவன் எதற்காக விற்கிறான் என்று யோசித்தாலே போதும். நல்ல வண்டியை யாரும் விற்கமாட்டார்கள்.

வட்டிக்கணக்கு | 8 நவம்பர், காலை 9.02

முதலில் அந்தப் பத்து சதவீதத்தைப் பார்ப்போம். 68 ஆயிரத்துக்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றால் இரண்டு ஆண்டுக்கு 13,600. அசலோடு கூட்டி 24ஆல் வகுத்தால் சரியாக 3,400 வருகிறது. அதாவது நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 68 ஆயிரத்துக்கும் வட்டி வாங்குகிறார்கள். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் இது ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. சொல்லவேண்டியதில் பாதியைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் பழைய வண்டிக்காரர் கேட்கும் 46 ஆயிரமும் எனக்கு உறுத்துகிறது. கடந்த செப்டம்பர் 22ஆம் தேதி முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 70 ஆயிரம் விலையுள்ள ஸ்கூட்டர் முன்பு 89,600, இப்போது 82,600. புதியதே 7 ஆயிரம் இறங்கியிருக்கும்போது பழையதும் இறங்கத்தானே வேண்டும்? பலர் இன்னமும் ஆகஸ்ட் மாத விலையையே மனத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் மதிப்பைப் போடும்போது நான்கிலிருந்து ஐந்து வயது வரையுள்ள வண்டிக்கு, அதே மாடலின் இன்றைய விலையில் 50 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். உங்களுக்கு வந்திருப்பதற்கு ஆறு வயது முடிந்துவிட்டது. அந்தக் கணக்கில் 41 ஆயிரத்தைத் தாண்டவே கூடாது.

இப்போது மூன்று ஆண்டுக் கணக்கு. பெட்ரோலும் ஆயிலும் இரண்டுக்கும் பொது என்பதால் விட்டுவிட்டேன். மறுவிற்பனை விலையும் ரிப்பேர் செலவும் என் மதிப்பீடு, கூடக்குறைய இருக்கலாம்.

புதியது: 98,000 + வட்டி 13,600 = 1,11,600. மூன்று ஆண்டு கழித்து 55 ஆயிரத்துக்கு விற்றால் கையைவிட்டுப் போனது 56,600.

பழையது: 46,000 + வாங்கியவுடன் ஒரு 10 ஆயிரம் வேலை + பிறகு ஆண்டுக்கு 5 ஆயிரம் வீதம் 15 ஆயிரம் = 71,000. பிறகு 25 ஆயிரத்துக்கு விற்றால் போனது 46,000.

வித்தியாசம் 10,600. மாதத்துக்கு 300 ரூபாய்கூட இல்லை. இன்று உங்கள் கண்ணில் படும் 52 ஆயிரம் வித்தியாசத்தில் பெரும்பகுதி பின்னால் கரைந்துவிடும். நான் பழையதை வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. 46க்கு வாங்காதீர்கள் என்கிறேன்.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் | 8 நவம்பர், இரவு 10.30

கடையை மூடிவிட்டு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். திருச்சியில் 22 ஆண்டுகளாக இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன்.

"பளபளவென்று இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா. பாலிஷ் போட்டால் எந்த வண்டியும் மாப்பிள்ளைதான். ஸ்கூட்டரில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் மூடியிருக்கும். வண்டியின் ஜாதகம் உள்ளே இருக்கிறது.

காலையில் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சரின் மேல் புறங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஒருமுறை ஓட்டி எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறிக்கிடக்கும் வண்டி எத்தனையாவது உதையில் எழுகிறது, எழுந்தவுடன் என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதுதான் தெரியவேண்டியது. குளிர் காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் ஆவி வந்து நின்றுவிடும், அது ஒன்றுமில்லை. நீலம் கலந்த புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது.

பெரிய ஸ்டாண்டில் போட்டு, யாரையாவது பின்னால் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரே ஒரு விரலால் இடமிருந்து வலமாக மெல்லத் திருப்புங்கள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போக வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து எழுவதுபோல் இருந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் சுழலும் பேரிங், போய்விட்டது. அது தேய்ந்து போயிருந்தாலும் பெரிய செலவில்லை. ஆனால் முப்பதாயிரம் கிலோமீட்டரில் போயிருக்கிறதென்றால் ஒன்று அடிபட்டிருக்கிறது, அல்லது மீட்டர் பொய் சொல்கிறது.

மீட்டரை நான் நம்புவதேயில்லை. பிரேக் லீவரில் விரல் படும் இடம், கிக்கர் ரப்பர், சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கீறல், இவற்றைத்தான் பார்ப்பேன். மீட்டரைத் திருப்புகிறவன் கிக்கர் ரப்பரை மாற்ற மறந்துவிடுவான். மாற்றியிருந்தால் அது மட்டும் புதிதாக இருக்கும், அதுவும் ஒரு சாட்சிதான்.

டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வயது டயரில் மழையில் ஓட்டுவதற்கு என் மகளை அனுப்பமாட்டேன்.

முன்பக்க மூடியைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலையைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய காயம் இருந்தால் அடிக்கடி கழற்றியிருக்கிறார்கள். குனிந்து கால் வைக்கும் பலகைக்கு அடியில் செல்போன் விளக்கை அடியுங்கள். வெல்டிங் தடம் தெரிந்தால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு ஓட்டம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உடம்பு குலுங்கினால் கிளட்ச் ஷூ. வேகம் ஏற மறுத்து எஞ்சின் மட்டும் கத்தினால் பெல்ட் அல்லது ரோலர். 31 ஆயிரம் ஓடிய வண்டியில் பெல்ட்டை மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். நாளைக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 12 ஆயிரம். மகள் நடுவழியில் நிற்பதற்கான காரணங்களில் இந்தப் பெல்ட் முதல் வரிசையில் இருக்கிறது. அறுந்தால் எஞ்சின் ஓடும், வண்டி நகராது. தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்.

2019 வண்டியில் ஒரு நல்லதும் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முந்தையது, கார்புரேட்டர் வண்டி. உங்கள் ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். புதியதில் பெட்ரோலைக் கணக்கிட்டு ஊட்டுவது மின்னணுக் கருவி, கோளாறு வந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போகவேண்டும். கெட்டது என்னவென்றால், இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர் பாகங்கள் 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் இருக்கின்றன. பழையதில் பெட்ரோல் குழாயை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாலுமுனை நண்பருக்கு ஒரு வார்த்தை. நல்ல வண்டியையும் விற்பார்கள். வெளிநாடு போகிறவன் விற்கிறான், கார் வாங்கியவன் விற்கிறான், முட்டிவலி வந்தவர் விற்கிறார். இந்த வண்டியை யார், எதற்காக விற்கிறார்கள் என்று முருங்கைத்தோட்டம் ஐயா இன்னும் சொல்லவில்லை.

இரவுப்பணி | 9 நவம்பர், காலை 5.50

செவிலியராக இருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், அதில் முதல் ஏழு ஆண்டு பழைய வண்டி.

"பெண் பிள்ளை, அதனால் புதியது" என்பதை எங்கே போனாலும் கேட்கிறேன். இதே இணையத்தில்தான் "லேடீஸ் ஓட்டிய வண்டி" என்று விளம்பரம் செய்து 5 ஆயிரம் கூடுதலாகக் கேட்கிறார்கள். நாங்கள் ஓட்டினால் வண்டி தேயாது, ஆனால் எங்களுக்குத் தேய்ந்த வண்டி ஆகாது! நடுவழியில் நின்றால் ஆண் பிள்ளையும்தான் தள்ளுவான்.

ஐயா, மூன்று பேர் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். ஓட்டப்போகிறவளிடம் யாராவது கேட்டீர்களா? அவள் உயரம் என்ன, சிக்னலில் நிற்கும்போது இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா, பெரிய ஸ்டாண்டை அவளால் போடமுடிகிறதா? நாற்கரச் சாலையில் லாரி ஓரமாக உரசிப் போகும்போது அந்தக் காற்றில் வண்டி ஆடும். 2019இல் வந்த ஸ்கூட்டர்கள் பலவற்றில் முன்சக்கரம் 10 அங்குலம்தான். பிறகு வந்த பலவற்றில் 12 அங்குலம். அதை அவளே ஓட்டிப்பார்த்துச் சொல்லவேண்டும். கொட்டேஷனில் அது எழுதியிருக்காது.

அப்புறம், சம்பளம் எவ்வளவு?

முருங்கைத்தோட்டம் | 9 நவம்பர், இரவு 8.10

எல்லோருக்கும் நன்றி. சகோதரி கேட்டது சரிதான், நான் அவளிடம் கேட்கவே இல்லை. அவளுக்கு ஒரு திடீர் மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். இன்று கேட்டேன். சம்பளம் 11 ஆயிரம். "3,400 தவணை, 2,200 பெட்ரோல், பாதிச் சம்பளம் வண்டிக்கே சம்பாதிக்கவா நான் வேலைக்குப் போகிறேன்?" என்றாள். பெட்ரோல் கணக்கு அவளே போட்டது: மாதம் ஆயிரம் கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிடைத்தால் 22 லிட்டர், லிட்டர் 100 ரூபாய். இரண்டாவதாகச் சொன்னது: "எப்படியும் முதல் ஆறு மாதம் கீழே போடுவேன். பழையதில் கீறல் விழுந்தால் நீங்கள் திட்டமாட்டீர்கள்." அதுவும் உண்மைதான்.

விற்கிறவர் பற்றி: வண்டி அவருடைய அப்பாவுடையதாம். இப்போது ஓட்ட ஆளில்லை என்கிறார். ஆர்சி புத்தகத்தைக் கேட்டிருக்கிறேன். 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், பெயர் மாற்றத்தை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறது.

பழம்புத்தகம் | 9 நவம்பர், இரவு 9.25

கொஞ்சம் விலகிப் பேசுகிறேன். எனக்குப் பழையது என்றாலே ஒரு மயக்கம். சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்பு அங்கே அலைந்து பழகிய கால்கள் இவை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் மாவாட்டுவது பழைய சாமான் கடையில் வாங்கிய கிரைண்டர்தான். மோட்டாரை இரண்டு முறை மாற்றிவிட்டேன், கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேயும் பாகத்தை மாற்றமுடிகிற எந்தச் சாமானையும் பழையதாக வாங்கலாம் என்பது என் கட்சி. என் மனைவி இதை ஏற்றுக்கொண்டதில்லை. பழைய மிக்ஸி ஒன்று வாங்கிய கதையை அவள் இங்கே வந்து எழுதாதவரை நான் தப்பித்தேன்.

நெறியாளர் | 9 நவம்பர், இரவு 9.40

மிக்ஸிக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஸ்கூட்டர்.

நீதிமன்றவாசல் | 10 நவம்பர், காலை 11.20

இந்தத் தளத்தில் எப்போதும் படித்துவிட்டுப் போய்விடுகிறவன். "29, 30இல் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்ற வரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்கமுடியவில்லை.

நான் இதே வேலையை விற்கிறவனாகச் செய்தேன். என் பைக்கைத் தெரிந்த ஒருவருக்கு விற்று, இரண்டு படிவங்களிலும் தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பணம் வாங்கினேன், டீ குடித்தோம், மறந்துவிட்டேன். அவர் பெயரை மாற்றவில்லை. இன்னொருவருக்கு விற்றார். அவர் மூன்றாமவருக்கு விற்றார். என் கையெழுத்துப் போட்ட தாள்கள் வண்டியோடு ஊர் ஊராகப் போயிருக்கின்றன. நான்கு ஆண்டு கழித்து ஒரு நாள் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. நான் போயே இராத ஊரில், பார்த்தே இராத ஒருவர் என் பைக்கால் ஒரு பெரியவரை இடித்துவிட்டிருந்தார். இன்சூரன்ஸ் இல்லை. இழப்பீட்டு வழக்கில் முதல் எதிர்மனுதாரர் நான்.

"விற்றுவிட்டேன் ஐயா" என்று வக்கீலிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் 2018இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை எடுத்து முன்னால் வைத்தார். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்குப் பொறுப்பும் அவரே. நவீன் குமார் வழக்கு என்பார்கள். வழக்கு எப்படி முடிந்தது என்பதை எழுதப்போவதில்லை. மனைவியின் நான்கு வளையல்கள் இப்போது இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீங்கள் வாங்குகிறவர், உங்களுக்கு இந்த ஆபத்து இல்லை என்று தோன்றும். உங்களுக்கு வேறு ஆபத்து. பதிவேட்டில் பெயர் இல்லாதவரை வண்டி உங்களுடையது என்று சொல்ல உங்களிடம் ஒன்றுமில்லை. திருட்டுப்போனால் புகார் கொடுக்கவேண்டியவர் அவர். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்கிறவர் 14 நாளுக்குள் கைமாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவு. பணத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள். கொஞ்சத்தைப் பிடித்து வையுங்கள், ஆர்சியில் உங்கள் பெயர் வந்த அன்றைக்குக் கொடுங்கள்.

வண்டி எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதை இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

மின்னேற்றம் | 10 நவம்பர், மதியம் 1.05

நாளைக்கு 40 கிலோமீட்டர்தான் என்றால் மின்சார ஸ்கூட்டரை ஏன் யாரும் சொல்லவில்லை? மாதம் 2,200 ரூபாய் பெட்ரோல் செலவு மிச்சம்.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் | 10 நவம்பர், மதியம் 2.30

புதியதாக வாங்கினால் நல்ல யோசனைதான். ஆனால் கையில் 50 ஆயிரத்தை வைத்துக்கொண்டு பழைய மின்சார ஸ்கூட்டருக்குப் போகாதீர்கள். அந்த வண்டியில் விலையே பேட்டரிதான். அதன் உயிர் எவ்வளவு மிச்சம் என்பதைப் புறங்கை வைத்துப் பார்த்து என்னால் சொல்லமுடியாது.

முருங்கைத்தோட்டம் | 11 நவம்பர், இரவு 7.45

பரிவாகனில் பார்த்தேன். இன்னமும் கைநடுக்கம் போகவில்லை.

கடன் இல்லை, முதல் உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அந்த முதல் உரிமையாளர் உயிரோடு இல்லை. விற்கிறவரிடம் நேராகக் கேட்டேன். அப்பா 2024 மார்ச்சில் காலமாகிவிட்டார் என்றார். "ஓட்ட ஆளில்லை" என்பதற்கு இதுதான் அர்த்தம். மறைக்கவேண்டும் என்று நினைக்கவில்லையாம், சொன்னால் சகுனம் பார்ப்பீர்கள் என்று தயங்கினாராம். சரி, அப்படியானால் 29, 30இல் யார் கையெழுத்துப் போடுவதாக இருந்தது? அவர் சிரித்துக்கொண்டே, "அப்பா கையெழுத்து எனக்கு நன்றாக வரும்" என்றார்.

இன்சூரன்ஸ் 2024 ஜூலையில் முடிந்துபோயிருக்கிறது. பதினாறு மாதம் ஆகிறது. நான் போன வாரம் அந்த வண்டியைக் கடைவீதி வரை ஓட்டிப்பார்த்தேன்.

நாலுமுனை | 11 நவம்பர், இரவு 7.58

நான் முதலிலேயே சொன்னேன்.

நீதிமன்றவாசல் | 11 நவம்பர், இரவு 9.30

பதறாதீர்கள் ஐயா. நல்லவேளையாக இப்போது தெரிந்தது.

கையெழுத்து விஷயத்தைப் பேச்சுக்குக்கூட ஒத்துக்கொள்ளாதீர்கள். இறந்தவரின் கையெழுத்தை இன்னொருவர் போட்டால் அது மோசடி ஆவணம். அந்தத் தாளை வைத்துப் பெயரை மாற்றுகிறவர் நீங்கள், முதலில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

இதற்கு நேர்வழி இருக்கிறது, சிரமமானதும் இல்லை. உரிமையாளர் இறந்துபோனால் வாரிசு பெயருக்கு மாற்ற 31ஆம் எண் படிவம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், ஆர்சி, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இவை வேண்டியிருக்கும். உண்மையில் 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் அவர்கள் செய்திருக்க வேண்டும். வீட்டில் சாவு விழுந்தபோது ஸ்கூட்டர் புத்தகத்தை யார் தேடுகிறார்கள்? தாமதத்துக்கு ஏதாவது கட்டணம் கேட்டால் அதை அவர்கள் கட்டட்டும். மகன் பெயருக்கோ அம்மா பெயருக்கோ முதலில் மாறட்டும். பிறகு அவரிடமிருந்து 29, 30 மூலம் உங்கள் மகள் பெயருக்கு. உங்கள் பெயருக்கு வேண்டாம், ஓட்டப்போகிறவள் பெயரிலேயே இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் முடிந்ததற்கும் ஒரு காரணம் தெரிகிறது. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை விற்கும்போதே எடுக்கவைத்தார்கள். 2019 ஜூலை வண்டிக்கு அது 2024 ஜூலையோடு சரி. ஐந்து ஆண்டு அதைப்பற்றி நினைக்கவே தேவையில்லாமல் இருந்தது, நினைக்கவேண்டிய நாளில் அவர் இல்லை. புதிய பாலிசி எடுக்கும்வரை அந்த வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். பிடித்தால் முதல் முறைக்கே 2 ஆயிரம் அபராதம். இடித்தால் என் கதை.

வட்டிக்கணக்கு | 12 நவம்பர், காலை 8.15

இவ்வளவு வேலையும் அவர்கள் பக்கம் இருக்கும்போது விலை 46ஆகவே இருக்கிறதா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடக் கூடாது. 40க்குக் கேளுங்கள்.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் | 12 நவம்பர், இரவு 10.50

2024 மார்ச் முதல் ஓடாமல் நின்ற வண்டியா? அப்படியானால் நான் முன்பு எழுதியதில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். தினமும் ஓடி 50 ஆயிரம் காட்டும் வண்டியைவிட, நின்றே கிடந்து 31 ஆயிரம் காட்டும் வண்டியிடம் எனக்குப் பயம் அதிகம். தொட்டியில் கிடந்த பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையான ஜெட்டை அடைத்திருக்கும். பேட்டரி செத்திருக்கும். ஒரே இடத்தில் நின்ற டயரில் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். முன் ஃபோர்க்கில் ஆயில் சீல் காய்ந்திருக்கும், தண்டைத் துடைத்துவிட்டு நான்கு முறை அழுத்திப் பாருங்கள், எண்ணெய் வளையம் தெரிகிறதா என்று. இவை எல்லாமே சரிசெய்யக் கூடியவை. 10 ஆயிரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அப்பா வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று விசாரியுங்கள். அதுதான் இப்போது பாக்கி.

இரவுப்பணி | 13 நவம்பர், காலை 6.05

இதெல்லாம் முடிய இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை பஸ். முதல் மாதங்களில் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஏழரைக்கு விடச்சொல்லி வேலை இடத்தில் முன்கூட்டியே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கேட்பதற்குத்தான் நாம் கூச்சப்படுகிறோம்.

இன்னொன்று. வண்டியோடு பழைய ஹெல்மெட்டை இலவசமாகக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு ஒரே ஒரு அடியைத்தான் தாங்கும். அந்த அடி ஏற்கெனவே விழுந்துவிட்டதா என்பது வெளியே தெரியாது. அவசரப் பிரிவில் நின்று இதை எழுதுகிறேன்.

முருங்கைத்தோட்டம் | 1 பிப்ரவரி 2026, மாலை 5.30

நீண்ட நாள் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்லாமல் இருப்பது முறையில்லை.

நவம்பர் கடைசியில் மகளையும் எங்கள் ஊர் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். இந்த முறை விற்கிற மகன் இல்லை, அவருடைய அம்மா இருந்தார். நாங்கள் சைலன்சரைத் தொட்டுப் பார்ப்பதையும் குனிந்து விளக்கடிப்பதையும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மகளிடம் கொடுத்தார். உள்ளே வாங்கிய அன்றைய பில்லிலிருந்து எல்லா ரசீதும் தேதி வரிசையில் நூலால் கோத்து இருந்தன. ஒரு நாற்பது பக்க நோட்டில், ஒவ்வொரு மூவாயிரம் கிலோமீட்டருக்கும் ஆயில் மாற்றிய தேதி, மீட்டர், கொடுத்த தொகை. 24,110இல் பெல்ட்டும் ரோலரும் மாற்றியிருக்கிறார். கடைசி வரி 2024 பிப்ரவரி, "பின் பிரேக் சத்தம், பார்க்கணும்" என்று பென்சிலில். எங்கள் மெக்கானிக் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். சத்தம் வந்தது.

ஸ்பேனர் ஐயா சொன்னபடியே பேட்டரி, ஜெட், ஆயில் சீல், இரண்டு டயர். டயரில் 2319 என்று இருந்தது. பின் பிரேக் ஷூவும் சேர்த்து 8,900 ஆயிற்று. விலை 40 ஆயிரத்தில் நின்றது. 30 முதலில், 10 பெயர் மாறிய பிறகு. 31ஆம் படிவம் அம்மா பெயருக்கு. வாரிசுச் சான்றிதழ் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள். வெளியூரில் இருக்கும் அவர்களுடைய மகள் வந்து கையெழுத்துப் போடத்தான் மூன்று வாரம் ஆகிவிட்டது. முந்தாநாள் ஆர்சி என் மகள் பெயரில் வந்தது. மீதிப் பத்தாயிரத்தை அவளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஹெல்மெட் புதியது. நாலுமுனை நண்பரே, உங்கள் பேச்சைக் கேட்காததற்கு மன்னிக்கவும்.

மொத்தம் 48,900. இன்சூரன்ஸ் தனி, அதை அவர்களே எடுத்துக்கொடுத்தார்கள்.

இப்போது ஒரு சிறிய சந்தேகம். இடது பக்கக் கண்ணாடி வண்டி ஓடும்போது மெல்ல உள்பக்கம் திரும்பிவிடுகிறது. நட்டை இறுக்கினாலும் இரண்டு நாளில் பழையபடியே. என்ன செய்யலாம்?

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் | 1 பிப்ரவரி, இரவு 10.20

லாக் நட்டில் மறை தேய்ந்திருக்கும். இறுக்கிப் பயனில்லை. கண்ணாடித் தண்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள், 200 ரூபாய்க்குள்தான் வரும். புதியதாகவே வாங்குங்கள்.

அந்த நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.